மனநலக் காப்பகத்தில் உள்ள விசாரணைக் கைதி வீடு திரும்ப: குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

குற்ற வழக்கில் கைதான ஒருவருக்கு மனநோய் இருப்பது தெரியவந்து, அவர் மதுரை மத்திய சிறையிலிருந்து சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டால், "எப்போது விடுவார்கள்?" என்பதே வீட்டாரின் முதல் கேள்வியாக இருக்கும். தண்டனைக் கைதிக்கு விடுதலை நாள் உண்டு. இவருக்கு அப்படியொரு நாளை யாரும் குறித்துவைப்பதில்லை. நோயின் கடுமை, மருந்து பலன் தரும் வேகம், போதைப் பழக்கம், வார்டில் நடக்கும் அடிதடி, குற்றத்தின் தன்மை ஆகிய எல்லாமே தங்கும் காலத்தை நீட்டக்கூடியவை. ஆனால் நோய் தணிந்த பிறகும் ஒருவர் உள்ளேயே இருக்கிறார் என்றால், காரணத்தைப் பெரும்பாலும் கோப்பில்தான் தேட வேண்டும். அசாமில் 1951-இல் கைதான மச்சல் லாலுங் என்பவர், விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் காவலில் இருந்து 2005-இல்தான் வெளியே வந்தார்.

முதலில் உங்கள் உறவினர் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தன் வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்ய இயலாதவர் என்று விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 367 அல்லது 368-ஆம் பிரிவு பொருந்தும். அப்போது அணுக வேண்டியது நீதிமன்றத்தை. விசாரணை முடிந்து, குற்றம் செய்த வேளையில் மனநிலை பிறழ்ந்திருந்தது என விடுதலைத் தீர்ப்பு வந்தும் 374-ஆம் பிரிவின்கீழ் பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்தால், விடுவிப்பு பெரும்பாலும் மாநில அரசின் கையில் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் தவறான வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டவருக்கு 369-ஆம் பிரிவு பெரிய துணை. உள்நோயாளியாகச் சிகிச்சை தேவையில்லாத நிலையில், ஓர் உறவினரோ நண்பரோ அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து வெளிநோயாளிச் சிகிச்சை பெறச்செய்வதாகவும், அவர் தமக்கும் பிறருக்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகவும் பொறுப்பேற்றால், ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் நீதிமன்றம் ஜாமீன் வழங்கலாம். ஆகவே மனுவில் "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று பொதுவாக எழுதாமல், யார் வீட்டில் தங்குவார், மாத்திரையை யார் கையில் எடுத்துக் கொடுப்பார், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு யார் அழைத்துச் செல்வார் என்பதை ஆள் பெயரோடு எழுதுங்கள். பழைய ஓ.பி. சீட்டுகளும் மருந்துச் சீட்டுகளும் இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள்.

நோய் தணிந்து, எதிர்வாதம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார் என்று சான்று எழுதப்பட்டாலும், அது நீதிமன்றக் கோப்பில் சேரும் வரை விசாரணை தொடங்காது. சான்று எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்பதை மருத்துவமனையிலும், வந்துசேர்ந்ததா என்பதை நீதிமன்ற அலுவலகத்திலும் வழக்கறிஞர் மூலம் கேட்டுக் குறித்துவையுங்கள். வழிக்காவலுக்குப் போலீசார் கிடைக்காமல் வாய்தா தள்ளிப்போவதும் உண்டு. சித்திரைத் திருவிழாப் பந்தோபஸ்து நாட்களை ஒட்டி வாய்தா விழுந்தால், முன்கூட்டியே நினைவூட்டுவது நல்லது.

சிறு குற்றமானால் 479-ஆம் பிரிவையும் பாருங்கள். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை, முன்பு தண்டிக்கப்படாதவரானால் மூன்றில் ஒரு பங்கை, விசாரணைக் கைதியாகவே கழித்தவர் ஜாமீன் கோரலாம். 3 ஆண்டுத் தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் அது முறையே 18 மாதமும் 12 மாதமும் ஆகும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமானாலும் இது உதவாது.

374-ஆம் பிரிவில் இருப்பவருக்கு, 378-ஆம் பிரிவின்படி உறவினர் மாநில அரசிடம் பிணையத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். காவலில் உள்ளவருக்கும் மனநோயாளிக்கும் சட்ட உதவி இலவசம் என்பதால், மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் கேட்கத் தயங்க வேண்டாம்.

பலரும் கடைசியில் யோசிப்பது, திரும்பி வருபவர் எங்கே தங்குவார் என்பதை. முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான். தாக்கப்பட்டவர் அதே வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அங்கேயே அனுப்ப மருத்துவரும் நீதிபதியும் தயங்குவார்கள்; அந்தத் தயக்கம் நியாயமானதே. உசிலம்பட்டியில் நடந்த சம்பவமானால், மேலூரில் இருக்கும் அத்தை வீடோ சித்தப்பா வீடோ ஏற்குமா என்று முன்பே பேசிவையுங்கள். சென்னை தொலைவு என்று போகாமல் இருந்துவிடாமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மனுப் போட்டுப் பார்த்துவிட்டு, வார்டில் உள்ள சமூகப் பணியாளரிடம் அந்த வீட்டின் முகவரியையும் உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிக்கொடுத்து வாருங்கள்.