கறுப்புப் பூனை, கறுப்பு நாய்: வீட்டுக்குள் படம் எடுப்பது எப்படி?

கறுப்புப் பூனை வளர்ப்பவர்களின் போனில் பாதிப் படங்களில் இரண்டு கண்கள் மட்டும்தான் தெரியும். உடனே இன்னொரு விளக்கைப் போடுவார்கள். எங்கள் கறுப்பியை எடுத்துப் பழகியதில் சொல்கிறேன்: வெளிச்சம் எவ்வளவு என்பதல்ல, எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதுதான் விஷயம்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். பல்பின் மஞ்சளும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் கறுப்பு முடி ஒரு பக்கம் செம்பட்டையாகும், மறுபக்கம் நீலம் பாயும். நேர் வெயில் படாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் பூனை இருக்கட்டும். பக்கத்திலிருந்து, சற்றே பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் முடியில் மினுமினுப்பு எழும். உடலின் வடிவத்தைக் காட்டுவதே அதுதான். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியதும் கண்ணில் சின்ன வெள்ளைச் சதுரம் தெரியும். அப்போது அழுத்துங்கள்.

அடுத்து எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்பது. பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். பூனை ஃப்ரேமை நிறைத்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடும், காம்பன்சேஷனை (மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1 வையுங்கள். அதே பூனை வெள்ளை விரிப்பில் சின்னதாகச் சுருண்டிருந்தால் கதை தலைகீழ்: விரிப்பைப் பார்த்து மீட்டர் படத்தையே இருட்டாக்கும், +1 வேண்டும். ஆகவே ‘கறுப்புக்கு மைனஸ்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். விரிப்பை மங்கிய பச்சை மாதிரி நடுத்தர நிறத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். போனில் கண்மேல் அழுத்திப் பிடித்து, சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

வெறும் கறுப்பு முடியில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ஃபோகஸைக் கண்ணின் ஓரத்தில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடி. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200 ஆனாலும் கவலை வேண்டாம், இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சம் ஏற்றினால்தான் புள்ளி மொய்க்கும். கேமராவோடு வரும் கிட் லென்ஸை வீட்டுக்குள் நான் தொடுவதே இல்லை. 50 மிமீ எஃப்/1.8 போதும். ஆனால் லென்ஸின் திறப்பைச் சற்றுச் சுருக்கி எஃப்/2.8-க்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கண் துல்லியமாகவும் மூக்கு மங்கலாகவும் வரும். நேர் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: இரவில் எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஓசையில்லாமல் எடுக்கும் சைலன்ட் ஷட்டரை அணைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் ஷட்டரை 1/100 நொடியைவிட வேகமாக வைக்காதீர்கள்.

கறுப்பு நாயும் வெள்ளை நாயும் சேர்ந்து வேண்டுமா? கறுப்பை ஜன்னலை ஒட்டி உட்கார வையுங்கள், வெள்ளை உள்ளே தள்ளி இருக்கட்டும். வெள்ளை முடி வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, கேமரா திருத்தாத ‘RAW’ கோப்பாக எடுங்கள்.