உள்ளூர் வணிகச் செய்தியும் சிறுதொழில் ஆதரவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் உள்ள தொழில் நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களே என்றும், வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவற்றைச் சார்ந்தே இருக்கிறது என்றும் உலக வங்கி கூறுகிறது. ஆனால் இவ்வளவு பெரிய கூட்டத்தில் உள்ள ஒரு தனிச் சிறுதொழில் நிலைப்பதையும் நொடிப்பதையும் முடிவு செய்பவை பெரும்பாலும் அதன் வட்டாரத்துக்குள் நடக்கும் மாற்றங்கள்தாம். கடைக்கு முன்னால் சாலை தோண்டப்படுவது, உரிமக் கட்டணம் மாறுவது, வாடகை ஒப்பந்தம் முடிவடைவது, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணத்தைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பது ஆகியவை அத்தகையவை. இவற்றை உரிய நேரத்தில் தெரிவிப்பதும், தெரிந்துகொண்டவர் அடுத்து என்ன செய்யலாம் என்று வழிகாட்டுவதுமே உள்ளூர் வணிகச் செய்தியின் முதற்கடமை. வணிகர் சங்கங்களும், செய்தி மடல் நடத்துவோரும், தன்னார்வக் குழுக்களும் நல்லெண்ணத்தோடு உழைத்தும் இந்தக் கடமையில் தவறும் இடங்கள் சில உண்டு.

மிகப் பரவலான தவறு, பாராட்டையே ஆதரவு என்று எண்ணிவிடுவது. திறப்பு விழா, ஆண்டு விழா, பொன்னாடை, குழுப் படம் என்று பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. அவற்றில் இடம்பெற்றவருக்கு மகிழ்ச்சி தருவதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதே பக்கத்தைப் படிக்கும் மற்ற வணிகர்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. புதிய கடை திறந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் உரிமம் பெற எவ்வளவு காலம் ஆயிற்று, எந்த அலுவலகத்தில் எந்த ஆவணம் கேட்டார்கள், முதல் ஆண்டின் நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடச் செலவுக்கான பணத்தை, எப்படித் திரட்டினார் என்று கேட்டு எழுதினால், அந்தச் செய்தி இன்னும் பலருக்குப் பயன்படும். கடையை மூடியவர்களிடமும் இதே அக்கறையோடு கேட்க வேண்டும். மூடலைப் பற்றி எழுதுவது அவமரியாதை என்ற தயக்கத்தால், எல்லோருக்கும் தேவையான பாடம் பதிவாகாமலே போகிறது. உரிமையாளரின் இசைவோடும் கண்ணியத்தோடும் எழுதினால் அதில் அவமரியாதைக்கு இடமே இல்லை.

அடுத்த தவறு இதைவிடக் கேடு விளைவிப்பது: உதவித் திட்டத்தை அறிவித்துவிட்டு, அதன் நிபந்தனைகளைச் சொல்லாமல் விடுவது. ‘சிறுதொழில்களுக்குப் புதிய கடனுதவி’ என்ற தலைப்பு கடைக்காரருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை, கடைசி நாள் எது, எந்தக் கணக்கு வழக்குகள் கையில் இருக்க வேண்டும், அது மானியமா திருப்பிச் செலுத்த வேண்டிய கடனா, பிணை கேட்பார்களா, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்ற வினாக்களுக்கு விடை இருந்தால்தான் அது செய்தியாகும். உள்ளூரில் எழுதுபவர் அரசின் அறிக்கையை அப்படியே மறுபதிப்புச் செய்யாமல், தன் வாசகரின் நிலையிலிருந்து அதைப் படித்து, அவருக்குப் பொருந்தும் பகுதியைப் பிரித்துத் தர வேண்டும்.

இதன் அருமையை உணர்த்தும் நிகழ்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. கொரோனா பெருந்தொற்றின்போது, ஊழியர்களின் ஊதியத்தைக் காக்கும் கடன் திட்டத்துக்கு 34,900 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 3ஆம் நாள் விண்ணப்பங்கள் பெறத் தொடங்கினார்கள்; ஏப்ரல் 16ஆம் நாளுக்குள் முழுத்தொகையும் தீர்ந்துவிட்டது. வங்கிகள் வழியாகவே கடன் வழங்கப்பட்டதால், வங்கியோடு ஏற்கெனவே நெருங்கிய தொடர்பும், ஆவணங்களைத் தயாரிக்க ஆட்களும் வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சில நிறுவனங்கள்கூடக் கடன் பெற்று, கண்டனம் எழுந்த பிறகு திருப்பிக் கொடுத்தன. அதன்பின் அதே ஏப்ரலில் கூடுதல் நிதி ஒதுக்கியபோது, ஒரு பகுதியைச் சிறிய வங்கிகளுக்கும், பின்தங்கிய பகுதிகளுக்குக் கடன் தரும் சமூகக் கடன் நிறுவனங்களுக்கும் தனியே ஒதுக்க வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரி இறுதியில், 20 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் மட்டும் விண்ணப்பிக்க இரண்டு வாரம் ஒதுக்கப்பட்டது. உதவி இருந்தும் அது மிகச் சிறியவரிடம் கடைசியாகவே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திட்டம் அறிவிக்கப்படும் முன்பே கணக்குப் புத்தகம், வரி ஆவணம், வங்கித் தொடர்பு ஆகியவற்றைச் சீராக வைத்துக்கொள்ள வணிகர்களுக்கு உதவும் சங்கம், அறிவிப்பு வந்த நாளில் அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதோடு நிறுத்திக்கொள்ளும் சங்கத்தைவிடப் பன்மடங்கு பயனுள்ளது. திட்டம் முடிந்த பிறகு, விண்ணப்பித்தவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவதையும் விட்டுவிடக் கூடாது.

விளம்பரத்தைச் செய்தி போல வெளியிடுவது மூன்றாவது தவறு. சிறிய செய்தி மடல்களுக்கு வருவாய் குறைவு என்பதால், பணம் கொடுத்தவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் பணம் பெற்றதைத் தெளிவாகக் குறிப்பிடாமல் எழுதினால், பணம் கொடுக்க இயலாத வணிகர் அந்தப் பக்கத்தில் தனக்கு இடமில்லை என்று விலகிவிடுவார். வாசகரும் நாளடைவில் எதையும் நம்பமாட்டார். கட்டுரையின் தொடக்கத்திலேயே ‘இது கட்டண விளம்பரம்’ என்று எழுதிவிடுவதால் எந்த இழப்பும் இல்லை. நண்பர்களையும் உறவினர்களையும் கொண்டு இணையத்தில் ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதவைத்து ஒரு கடையை ‘ஆதரிப்பதும்’ இதே வகைத் தவறுதான். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. உதவுவதாக எண்ணி ஒரு சிறுதொழிலைச் சட்டச் சிக்கலில் தள்ளிவிடக் கூடாது.

‘உள்ளூரில் வாங்குங்கள்’ என்ற வேண்டுகோளிலும் கவனம் தேவை. உள்ளூர்க் கடையில் செலவிடும் பணம் ஊருக்குள்ளேயே பல கை மாறும் என்ற கருத்துக்கு அடிப்படை உண்டு. பிரிட்டனின் புதிய பொருளாதார அறக்கட்டளை, பணம் முதல் மூன்று சுற்றுகளில் எங்கே செல்கிறது என்று அளக்கும் முறை ஒன்றையே வகுத்திருக்கிறது. ஆனால் வேறோர் ஊரில், வேறு வகைக் கடைகளைக் கொண்டு கணக்கிட்ட எண்ணைத் தன் ஊருக்குப் பொருத்தி எழுதுவது பிழை. சரக்கு முழுவதையும் வெளியூரிலிருந்து வாங்கி விற்கும் கடைக்கும், உள்ளூர்ப் பொருளையும் உழைப்பையும் கொண்டு இயங்கும் பட்டறைக்கும் அந்த விளைவு ஒன்றாக இருக்காது. இந்த வேண்டுகோளை ஆண்டில் ஒரு நாளுக்குள் அடக்கிவிடுவதும் போதாது. 2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சிறுதொழில் சனிக்கிழமை’ போன்ற நாட்கள் கவனத்தை ஈர்ப்பது உண்மைதான். எனினும் மறுநாள் வாடிக்கையாளர் திரும்பி வருவதற்கு நம்பத்தக்க கடை நேரமும் சரியான முகவரித் தகவலுமே கூடுதலாக உதவும்.

எல்லா ஆதரவும் வாடிக்கையாளரை நோக்கியே பேசப்படுவதால், சிறுதொழில்களின் மிகப் பெரிய வலியான நிலுவைத் தொகை கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. விற்பனை நன்றாக நடந்தும், வரவேண்டிய பணம் வராததால் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறும் தொழில்கள் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் இதற்கென வகுத்த விதிகளின்படி, பொது அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள்ளும், நிறுவனங்கள் வேறு உடன்பாடு இல்லாதபோது 60 நாளுக்குள்ளும் பணம் செலுத்த வேண்டும். தாமதித்தால் வட்டியும் குறைந்தது 40 யூரோ இழப்பீடும் உண்டு. இத்தகைய உரிமை தத்தம் நாட்டில் உள்ளதா, அதைக் கேட்டுப் பெறும் வழி என்ன என்று தொடர்ந்து எழுதுவது, பத்துப் பாராட்டுக் கட்டுரைகளைவிட மேலானது. பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள அஞ்சும் ஒரு தனி வணிகர் கேட்கத் தயங்குவதைச் சங்கம் பொதுவில் கேட்கலாம். வணிகர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் வழிகளையும் மறந்துவிடக் கூடாது. பொருளாதார மந்தம் நிலவிய 1934-இல் சுவிட்சர்லாந்தில் சிறுதொழில் முனைவோர் சேர்ந்து தொடங்கிய ‘விர்’ கூட்டுறவு, ரொக்கத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் உறுப்பினர்கள் தமக்குள் கடன் கணக்கில் பொருளும் சேவையும் வாங்கி விற்க வழிசெய்தது. அது இன்றும் வங்கியாக இயங்குகிறது.

சங்கத்தின் அமைப்பிலும் ஒரு தவறு நிகழ்கிறது. சந்தா கட்டும் சிலர் செலவைச் சுமக்க, பயனை எல்லோரும் பெறுவதால், சில ஆண்டுகளில் சுமந்தவர் சலித்துப்போகிறார். கனடாவின் டொரண்டோவில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதி வணிகர்கள் 1970-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள்: சட்டத்தின் துணையோடு, எல்லைக்குட்பட்ட எல்லா வணிகரிடமும் கட்டணம் பெற்று, அதைத் தெரு மேம்பாட்டுக்குச் செலவிடும் முறை அது. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆனால் எல்லோரிடமும் பணம் பெறும் அமைப்பில், தெருமுனையில் உள்ள பெரிய கடைகளின் குரல் மட்டுமே முடிவாகிவிட்டால் அது அநீதி. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள், தள்ளுவண்டி வணிகர்கள், வேறு மொழி பேசும் கடைக்காரர்கள் ஆகியோருக்கு வசதியான நேரத்திலும் மொழியிலும் கூட்டம் நடத்தாமல், ‘அழைத்தோம், வரவில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

இறுதியாக, சரிபார்க்காமல் பகிரும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ‘அந்தக் கடை மூடப்போகிறதாம்’ என்ற ஒற்றை வரி, சரக்கு தருபவரைக் கடனைக் கேட்டு நெருக்கவும் ஊழியரை வேறு வேலை தேடவும் தூண்டி, பொய்யான செய்தியையே மெய்யாக்கிவிடும். கடன் பெற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் மோசடிகளும் இதே குழுக்கள் வழியாகத்தான் பரவுகின்றன. திட்டத்தை நடத்தும் அலுவலகத்தின் சொந்த இணையதளத்திலோ தொலைபேசியிலோ உறுதிசெய்யாத எதையும் சங்கத்தின் பெயரில் அனுப்பக் கூடாது. தவறு நேர்ந்துவிட்டால், பழைய செய்தியை ஓசையின்றி நீக்கிவிடாமல், அது வெளியான அதே இடத்தில், எது தவறு, எது சரி என்று திருத்தம் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட வணிகருக்கும் நேரில் தெரிவிக்க வேண்டும்.