ரோபோ காரை ஜைரோ வைத்து நேராக ஓட வைத்தது: என் அனுபவம்

உப்புவெளி வீட்டு விறாந்தையில் ஓடும் எங்கள் சின்ன ரோபோ கார், இரண்டு மோட்டாருக்கும் ஒரே வேகம் கொடுத்தாலும் இடப்பக்கமே இழுத்தது. மலிவு மோட்டார்கள் ஒரே மாதிரிச் சுற்றுவதில்லை, அதனால் சுழற்சியை அளக்கும் ஜைரோவும், முடுக்கத்தையும் புவியீர்ப்பையும் உணரும் முடுக்கமானியும் ஒரே சிப்பில் உள்ள எம்பியூ6050 சென்சரைப் பூட்டி, திரும்பிய கோணத்தை அளந்து திருத்த இறங்கினேன்.

ஆனால் கார் சும்மா நிற்கும்போதே கோணம் மெதுவாக ஏறியது. ஜைரோ தருவது கோணமல்ல, சுழலும் வேகம். அதை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகிறோம், ஆகவே ஓய்வில் இருக்கும் சின்னப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். முடுக்கமானியைக் கலந்தால் சரிவரும் என்பார்கள். சாய்வுக்குச் சரி, ஆனால் சமதளத்தில் இடம் வலம் திரும்பும்போது புவியீர்ப்பின் திசை மாறாது, முடுக்கமானிக்கு அந்தத் திருப்பம் தெரியவே தெரியாது.

அதனால் ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் காரை அசையாமல் வைத்து, 500 அளவீடுகளின் சராசரியை எடுத்து, பிறகு வரும் எல்லாவற்றிலும் கழித்தேன். சென்சரை விநாடிக்கு ±250 பாகை வரை அளக்கும் வீச்சில் வைத்திருந்தால், கழித்து வரும் எண்ணை 131ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை பாகை என்று வரும். திருகோணமலை மத்தியான வெக்கையில் சிப் சூடேறினால் இந்தப் பிழையும் மாறும். வெளியில் ஓட்டுவதென்றால் காரை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அளவெடுங்கள்.

மோட்டார் அதிர்வுக்கு சென்சரின் கீழே பஞ்சு ஒட்டுநாடா, அப்புறம் வேகமான அதிர்வுகளைக் குறைக்கும் சிப்பின் உள்வடிகட்டி.

கடைசியாக, இடப்பக்கம் விலகிய கோணத்தை ஒரு எண்ணால் பெருக்கி, இடது மோட்டாருக்குக் கூட்டி வலதில் கழித்தேன். அந்த எண் பெரிதானால் கார் பாம்பு போல நெளியும். சுழலும் வேகத்தையும் திருத்தத்தில் கொஞ்சம் சேர்த்ததும் நெளிவு அடங்கியது.