தீயணைப்பு லோரியில் யார் எங்கே உட்காருவது, எதை எடுப்பது

தோட்டத்தை ஒட்டிய டவுனில், தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் ஆறு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது அபூர்வம். ஒருவர் செம்பனை ஆலையில் ஷிப்ட்டில் இருப்பார், இன்னொருவர் வெளியூர் போயிருப்பார். அதனால் வேலையை ஆளுக்குப் பிரிக்காதீர்கள், இருக்கைக்குப் பிரியுங்கள். எந்த இருக்கையில் ஏறுகிறாரோ, அன்று அவருக்கு அந்த வேலைதான்.

முன்னால் இடப்பக்கம் தலைவர். கையில் வாக்கி டாக்கி, டார்ச் லைட். ஓட்டுநர்தான் பம்பையும் பார்ப்பார், வண்டியை விட்டு நகரக்கூடாது. தலைவருக்குப் பின்னால் இருப்பவர் ஹோஸின் முனையைப் பிடிப்பவர். ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பவர் தண்ணீருக்குப் பொறுப்பு: ஹைட்ரண்ட் (தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய்) சாவி, உறிஞ்சுகுழாய். நடுவில் கதவைத் திறப்பவர்: கோடரி, கதவை நெம்பும் ஹாலிகன் கம்பி, பூட்டை வெட்டும் போல்ட் கட்டர். ஆறாவது ஆள் ஹோஸை இழுத்துக் கொடுப்பார்.

இதில் நடு இருக்கையைத்தான் பலரும் மறக்கிறார்கள். இறங்கியதும் எல்லாரும் ஹோஸைத்தான் பிடிப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் கதவுக்கு முன்னால் இரும்பு கிரில், அதில் பூட்டு. வெட்ட ஆளில்லையென்றால் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியே இல்லை. அதனால் நான்கு பேர் மட்டுமே வந்தாலும் நான்காவது ஆள் நடு இருக்கையில் உட்காரட்டும். மூன்றே பேர் என்றால் தலைவரே கட்டரை எடுப்பார். அப்போது தண்ணீரை வெளியிலிருந்து அடியுங்கள், யாரும் உள்ளே போகவேண்டாம். மூச்சுக்கருவி போட்டவர்கள் இருவராகத்தான் உள்ளே போகவேண்டும், வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் மனதில் வையுங்கள். 1,800 லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 450 லிட்டர் போகும் முனை என்றால் நான்கே நிமிடம். தோட்டத்துக் குளத்திலிருந்து உறிஞ்சும்போது நீர்மட்டம் பம்பிலிருந்து 7 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தால் ஏறாது. இணைப்பின் ரப்பர் வளையம் ஒன்று விட்டுப்போனாலும் காற்று புகுந்து பம்ப் இழுக்காது. உறிஞ்சுகுழாயின் நுனியில் உள்ள வடிகட்டி சேற்றில் உட்காராமல், முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்கும்படி கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பழைய லயத்து வீடுகளில் கூரைக்கடியில் தடுப்புச் சுவர் இல்லாத வரிசைகள் உண்டு. அங்கே நெருப்பு வீட்டுக்கு வீடு மேலாகவே ஓடும். முனைப் பிடிப்பவர் எரிகிற வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், ஒட்டிய வீட்டுக் கூரையையும் நனைக்கவேண்டும். எந்த வீட்டில் முதலில் என்பதைத் தலைவர் சொல்வார்.

கருவிப் பெட்டியின் கதவில் இருக்கை எண்ணைப் பெயின்ட்டில் எழுதுங்கள். அவரவர் இறங்கும் பக்கத்திலேயே அவரவர் கருவி இருக்கட்டும். நடு இருக்கைக்காரர் எந்தக் கதவால் இறங்குவார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மூச்சுக்கருவியை ஓடும் வண்டியில் எழுந்து நின்று மாட்டாதீர்கள், சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். முன்பக்கம் ஒரு சிறு வெள்ளைப் பலகையில் யார் எந்த எண்ணில் இருக்கிறார் என்று தலைவர் எழுதிவைத்தால், உள்ளே யார் போனார் என்ற கணக்கும் அதிலேயே கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும், ஈர ஹோஸை மாற்றுவதற்கு முன்பே, கருவிகளை அதே எண்ணுள்ள பெட்டியில் வைத்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டு எண்ணுங்கள்.