ஊர்க்குளத்திலிருந்து தொடங்கும் ஜிஐஎஸ்

எங்கள் வயல் திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் பக்கம், தாமிரபரணியிலிருந்து வரும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஒரு வருடம் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவுகிற நேரத்தில் சித்தப்பா என்னிடம் கேட்டார்: "ஏட்டி, கம்ப்யூட்டர்ல மேப்பு போடுதேன்னு சொல்லுதியே, நம்ம குளத்துல இப்ப எத்தனை ஏக்கருக்குத் தண்ணி நிக்குன்னு சொல்லு பாப்போம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் அமைப்பு, எனக்கு உருப்படியாகப் புரிந்தது. அதனால் புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உலக வரைபடத்தை வைத்துப் பழகாதீர்கள், உங்கள் ஊர்க் குளத்தை வைத்துப் பழகுங்கள். தப்பு வந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும்.

சாதாரண வரைபடத்தில் குளம் ஒரு நீலத் திட்டு, அவ்வளவுதான். ஜிஐஎஸ்ஸில் அந்தத் திட்டைத் தொட்டால் சர்வே எண், எத்தனை மடை, எவ்வளவு ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்), கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று ஒரு அட்டவணை திறக்கும். படமும் அட்டவணையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. "கால்வாயிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், இரண்டு மடைக்கு மேல் உள்ள குளங்கள் எவை?" என்று அட்டவணையையும் தூரத்தையும் சேர்த்தே கேட்கலாம்.

இடம் சார்ந்த தரவு இரண்டு வகை. மடை ஒரு புள்ளி, கால்வாய் ஒரு கோடு, குளம் ஒரு பரப்பு. இப்படி வரைந்து வைப்பது வெக்டர். செயற்கைக்கோள் படம் அப்படி இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் இருக்கும். அது ராஸ்டர். ஆரம்பத்துக்கு இது போதும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கியூஜிஐஎஸ் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். திறந்ததும் இடப்பக்கப் பட்டியலில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்பதன் கீழே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கும். அதை இழுத்து நடுவில் விட்டால் பின்னணிப் படம் வந்துவிடும். ஊர் தெரியும்வரை பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கணினியை மூடிவிட்டு வெளியே கிளம்புங்கள்.

குளத்துக்கரையில் காலையில் நடப்பது நல்லது. கையில் போனும் ஒரு நோட்டும் இருக்கட்டும். கால்வாய் உள்ளே வரும் இடம், ஒவ்வொரு மடை, மிகுந்த தண்ணீர் வெளியேறும் மறுகால், கரை திரும்பும் முனைகள் ஆகிய இடங்களில் நின்று போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதுங்கள். வெட்டவெளியில் போன் ஐந்து மீட்டர் வரை பிசகலாம். மரங்கள் அடர்ந்த இடத்தில் இன்னும் பிசகும், அங்கே அரை நிமிடம் அசையாமல் நின்று எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் போதும். நம் பக்கத்தில் ஒரு டிகிரி என்பது சுமார் 110 கிலோமீட்டர், ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. போன் அதற்கு மேல் காட்டும் இலக்கங்களை நம்ப வேண்டியதில்லை.

முடிந்தால் மடை திறந்துவிடும் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் சித்தப்பாவோடு போனேன். புதர் மூடிக் கிடந்த ஒரு இடத்தில் நின்று, "இதுதான் மூணாம் மடை" என்றார். வானத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அந்த மடை இல்லை. அது இப்போது என் வரைபடத்தில் ஒரு புள்ளி.

வீட்டுக்கு வந்து எண்களை அட்டவணையாக்கி, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக, யூடிஎஃப் 8 என்ற குறியாக்கத்தில் சேமியுங்கள். அப்போதுதான் தமிழ்ப் பெயர்கள் கெடாது. கியூஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு தரவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒரு தாள் மாதிரி, அதன் பெயர் லேயர். லேயர் பட்டியலுக்குப் போய் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயரைச் சேர்க்கச் சொன்னால் எக்ஸ் எது, ஒய் எது என்று கேட்கும். நாம் வாயால் சொல்லும்போது அட்சரேகையை முதலில் சொல்வோம், அந்தப் பழக்கத்தில் நான் எக்ஸில் 8.69, ஒய்யில் 77.52 கொடுத்துவிட்டேன். எங்கள் குளத்து மடைகள் எல்லாம் வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழுந்தன. எக்ஸ் என்றால் தீர்க்கரேகை, ஒய் என்றால் அட்சரேகை. புள்ளி ஊரில் காணவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது ஆள்கூற்று முறை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறை. போன் தரும் எண்கள் டிகிரியில் இருக்கும், அதன் பெயர் டபிள்யூஜிஎஸ் 84, குறியீடு 4326. சேகரிக்க அது சரி. நீளம், பரப்பு அளக்க மீட்டரில் உள்ள முறை வேண்டும். அதற்கு யூடிஎம் என்று உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கு 43 வடக்கு, குறியீடு 32643. ஆனால் 78 டிகிரி தீர்க்கரேகையில் அந்த மண்டலம் முடிகிறது. பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் 43. திருச்செந்தூர், தூத்துக்குடி, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் எல்லாம் 44. ஒரே ஆறு இரண்டு மண்டலங்களில் ஓடுகிறது. ஆறு முழுவதையும் ஒரே படத்தில் வரைகிறவர்கள் ஏதாவது ஒரு மண்டலத்தை முடிவுசெய்து கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு பரப்பு லேயர் உருவாக்கி, குளத்தைச் சுற்றி வரையுங்கள். சேமிக்கும்போது ஷேப்ஃபைலை விட்டுவிட்டு ஜியோபேக்கேஜைத் தேர்ந்தெடுங்கள். ஷேப்ஃபைல் என்பது பெயருக்குத்தான் ஒன்று, உண்மையில் மூன்று நான்கு கோப்புகள் சேர்ந்தது. ஒருவர் எனக்கு வாட்ஸாப்பில் அதில் ஒன்றை மட்டும் அனுப்பி, இரண்டு நாள் வீணானது. மேலும் அதில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், "மறுகால்" என்று எழுதினால் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பு, தமிழையும் முழுதாக வைத்துக்கொள்ளும்.

வரையும்போதுதான் ஒரு சிக்கல் புரியும். குளத்துக்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் நிலம் மெல்ல மேலேறிப் போகும், தண்ணீர் இந்த மாதம் ஒரு இடத்தில் நிற்கும், அடுத்த மாதம் வேறு இடத்தில். கிராம வரைபடத்தில் உள்ள எல்லை வேறு, தண்ணீரின் விளிம்பு வேறு. இரண்டையும் ஒரே கோடாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சர்வே எல்லைக்கு ஒரு லேயர், நீர்ப்பரப்புக்கு இன்னொரு லேயர். இரண்டாவதில் தேதி என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். தேதி இல்லாத நீர்ப்பரப்பை வைத்து யாரிடமும் எதுவும் பேச முடியாது.

சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்கள் கோப்பர்னிக்கஸ் தளத்தில் இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும். அதன் நுட்பமான அலைவரிசைகளில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். பட்டாவில் ஹெக்டேருக்கு அடுத்து ஏர் என்று வருமே, அந்த ஒரு ஏர்தான் அது, கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். எனவே தண்ணீர்க் கட்டங்களை எண்ணினால் எத்தனை ஏர் என்று நேராகக் கிடைக்கும். 40 கட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

எந்தக் கட்டம் தண்ணீர்? மூன்றாவது அலைவரிசை பச்சை ஒளி, எட்டாவது அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி. தண்ணீர் பச்சையை ஓரளவு திருப்பி அனுப்பும், அகச்சிவப்பை விழுங்கிவிடும். ராஸ்டர் கால்குலேட்டரில் மூன்றிலிருந்து எட்டைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பூஜ்யத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் தண்ணீர்.

நான் கணக்குப் போட்டு, குளத்தில் பாதிதான் நீர் என்று சொன்னேன். சித்தப்பா தலையை ஆட்டினார். "குளம் ரொம்பிக் கெடக்குட்டி. மேல அமலைச் செடி மூடிக் கெடக்கு." போய்ப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் உண்மை. ஆகாயத்தாமரை படர்ந்த தண்ணீர் செயற்கைக்கோளுக்கு வயல் மாதிரித்தான் தெரியும். செடி மூடிய பகுதியைக் கரையில் நின்று புள்ளியெடுத்து, கையால் தனிப் பரப்பாக வரைந்து சேர்த்த பிறகுதான் கணக்கு சரிவந்தது. உங்கள் குளத்திலும் பச்சை இருந்தால் இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகும் நேரத்தில் வானம் மூடியிருக்கும். மேகமில்லாத படம் கிடைக்கும்வரை தேதிகளை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பரப்பு அளக்க ஒரு கடைசி எச்சரிக்கை. அட்டவணையின் பத்திகளைக் கணக்கிடும் ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறி போட்ட ஏரியா என்ற கட்டளை பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, புராஜெக்ட் அமைப்பில் நீங்கள் வைத்த அலகில் தரும். டாலர் இல்லாத இன்னொன்று லேயரின் அலகிலேயே தரும், லேயர் டிகிரியில் இருந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முதலாவதைச் சதுர மீட்டரில் வாங்கி 4047ஆல் வகுத்தால் ஏக்கர். கார் சாகுபடிக்கு முன் ஒரு தடவை, பிசானத்துக்கு முன் ஒரு தடவை இதைச் செய்து, தேதிப் பத்தியை நிரப்பி வையுங்கள்.