வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டர் ஆம்ப்: ஒலியை ஒப்பிட்டுக் கேட்கும் முறை

வால்வு (வெற்றிடக் குழாய்), டிரான்சிஸ்டர் ஆகிய இரண்டு ஆம்ப்களையும் (ஆம்ப்ளிஃபையர்) மாற்றி மாற்றிக் கேட்டால் ஏதோ ஒன்று கட்டாயம் நன்றாக ஒலிக்கும். பெரும்பாலும் அது சத்தம் சற்றுக் கூடுதலாக உள்ளதுதான். அரை டெசிபல் கூடினால் காது அதைச் சத்தமாக உணராது, 'தெளிவு', 'உயிர்ப்பு' என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் அளவைச் சமப்படுத்துங்கள்.

ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும், வேலை பாதியாகும். வால்வு ஆம்ப்பை அரை மணி நேரம் சூடாக விடுங்கள். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்கவும். இரண்டிலும் 1 வோல்ட் வரவேண்டும், 0.01 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் பல அங்கே தப்பாகக் காட்டும்.

மாற்றும் சுவிட்சில்தான் ஆம்ப் எரியும். ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னலோடு ஓடும் வால்வு ஆம்ப்பில், அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் உடையும். டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. ஆகவே நான்கு போல் சுவிட்ச் (நான்கு ஒயர்களை ஒரே திருப்பில் மாற்றுவது) வாங்குங்கள்: இரண்டு போல் ஸ்பீக்கரின் இரு ஒயர்களுக்கும், ஒன்று வால்வு ஆம்ப் விடுபடும்போது அதை 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரில் சேர்க்க, நான்காவது சும்மா இருக்கட்டும். மைனஸ் ஒயர்களைப் பொதுவாக இணைக்காதீர்கள். பிரிட்ஜ் வகை டிரான்சிஸ்டர் ஆம்ப்களில் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல. வால்வு ஆம்ப்பின் பயன்படாத சேனலுக்கும் 8 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டே சுவிட்சைத் திருப்புங்கள்.

இனிக் கேட்கலாம். வித்தியாசம் தெரிந்தால் உடனே வால்வின் மகிமை என்று முடிவுகட்ட வேண்டாம். பீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழை குறைப்பது) இல்லாத வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசிக்கான மின்தடை) 2 ஓம் அளவுக்கு இருக்கும். டிரான்சிஸ்டரில் பொதுவாக 0.1 ஓமுக்கும் கீழே. ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஓர் அதிர்வெண்ணில் 4 ஓம், வேறொன்றில் 20 ஓம் என்றால், 2 ஓம் ஆம்ப்பில் அந்த இரு இடங்களுக்கும் இடையே 2.7 டெசிபல் ஏற்றத்தாழ்வு விழும். அது டோன் கன்ட்ரோலைத் திருப்பியதற்குச் சமம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் பிளஸ் ஒயரில் 2 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, மறுபடி 1 வோல்ட்டுக்குச் சமப்படுத்திக் கேளுங்கள். இரண்டும் நெருங்கிவந்தால் காரணம் இம்பீடன்ஸ்தான். 1985இல் அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அளந்து திருத்தி ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப்போல ஆக்கியபோது, ஸ்டீரியோஃபைல் ஆடியோ இதழின் ஆசிரியர்களால் பிரித்தறிய முடியவில்லை.

சுவிட்சை வேறொருவர் திருப்பட்டும். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. நாணயம் சுண்டி வரிசையை எழுதி வைத்துக்கொண்டு 16 முறை செய்யுங்கள். 12 சரியானால் நம்பலாம், குருட்டு யூகத்தில் அது வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. சத்தம் கூட்டும்போது மட்டும் வித்தியாசம் தெரிந்தால் காரணம் கிளிப்பிங்தான், அதாவது ஆம்ப் தன் எல்லையில் முட்டி அலையின் முனை வெட்டுப்படுவது: 8 ஓமில் 10 வாட் ஆம்ப் சுமார் 12.6 வோல்ட் உச்சத்தில் முட்டும். ஆஸிலோஸ்கோப்பில் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பாருங்கள், வால்வில் முனை மெல்ல உருளும், டிரான்சிஸ்டரில் நறுக்கியதுபோல் தட்டையாகும்.