நிறம் சரியா என்று கேட்பதற்கு முன்

போன வாரம் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி, இரவு 11 மணிக்குத் தான் வர்ணம் பூசிய மினியேச்சரின், அதாவது சின்ன உருவப் பொம்மையின், படத்தை அனுப்பி, "அண்ணா, நிறம் சரியா?" என்று கேட்டார். படம் முழுக்க மேசை விளக்கின் மஞ்சள். தொடக்கத்தில் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான். தூரிகையைக் கழுவாமல் விடுவது, பெயின்ட்டைத் தடிப்பாகப் பூசுவது பற்றியெல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். கருத்துக் கேட்பதில் வரும் பிழைகளைத்தான் சொல்ல ஆளில்லை.

மஞ்சள் குமிழின் கீழ் எடுத்த படம்

மூன்று வார உழைப்பு எனக்கு இதில்தான் போனது. 75 மி.மீ. வாள்வீரன், நீல மேலங்கி. இரவில் படமெடுத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். மேலங்கி சாம்பல் பூத்திருக்கிறது, முகம் மஞ்சளடிக்கிறது என்று மூவரும் சொன்னார்கள். அன்றிரவே, அதே விளக்கின் கீழ், நீலத்தை ஏற்றினேன், கன்னத்தில் சிவப்புச் சேர்த்தேன். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் மேலங்கி கண்ணைக் குத்துகிறது, முகம் காய்ச்சல்காரன் முகம். காய்ந்த அக்ரிலிக் பெயின்ட் தண்ணீரில் போகாது. மேலே மேலே பூசியதில் துணி மடிப்புகளும் மூடிப்போயின. விளக்கின் மஞ்சளைத்தான் அவர்கள் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதைப் பொம்மையில் திருத்தியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். மஞ்சள் குமிழின் ஒளி 2700 கெல்வின் அளவில் இருக்கும். பகல் வெளிச்சம் 5000 முதல் 6500 வரை. மஞ்சள் ஒளியில் நீலக் கூறு குறைவு என்பதால் நீலப் பெயின்ட் மங்கித் தெரியும். நம் கண் கொஞ்ச நேரத்தில் அந்த ஒளிக்குப் பழகிவிடுகிறது, அதனால் பூசுகிறவருக்குப் பிழை தெரியாது. போன் தானாகத் திருத்தப் பார்க்கும், ஆனால் படம் நிறையச் சிவப்பு இருந்தால் அதையும் சேர்த்துத் தணித்துவிடும்.

ஆகவே உருவத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுங்கள். தாள் மஞ்சளாக வந்தால் பார்ப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும். குமிழ் வாங்கும்போது பெட்டியில் 'டேலைட்' என்று இருந்தால் மட்டும் போதாது, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான, 100 வரை போகும் அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேர் வெயில் விழாது என்பதால் வடக்கு ஜன்னலில் வை என்று வெளிநாட்டார் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்தில் உச்சியைக் கடக்கும் சூரியன், செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் நல்லது.

கறுப்புத் துணிப் பின்னணி

போன் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து, உருவத்தை வெளிற வைத்துவிடும். சாம்பல் அட்டை போதும்.

"எப்படி இருக்கு?"

இப்படிக் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். மேலங்கியும் சட்டையும் தனித்தனியே தெரிகின்றனவா, முதலில் கண் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அப்புறம், ஒருவர் "இந்தச் சிவப்பு மங்கல்" என்றால் உடனே சிவப்பில் கைவைக்க வேண்டாம். 1824இல் பாரிஸ் கோபலான் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் செவ்ரேலிடம், கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்ற முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இருக்கவில்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. உங்கள் சிவப்புக்குப் பக்கத்தில் இன்னும் பளிச்சென்ற செம்மஞ்சள் இருக்கலாம். அதைக் குறைத்துப் பாருங்கள்.

பெரிதாக்கிய படம்

கை நீளத் தூரத்தில் பார்க்கிற உருவம் இது. அந்த அளவில் ஒரு படமும் அனுப்புங்கள்.

வார்னிஷ்

கருத்துக் கேட்டுத் திருத்திய பிறகு அடியுங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் காலை 8 மணிக்கு, வெள்ளைத் தாளுடன் ஜன்னலோரம் எடுத்த படத்தை அனுப்பினார். ஊதாத் தலைப்பாகையில் ஒரு குறையும் இல்லை. தாடிக்குக் கீழே நிழல் மட்டும் கொஞ்சம் கடுமை. அதைச் சொன்னேன்.